நாலு பேருக்குப் பொங்கல்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்த ஜூன் மாதம் முழுக்க எனக்குக் காது சிவந்தேதான் கிடந்தது.

என் வேலை அப்படி. புதுக்கோட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே எங்கள் அலுவலகம். பெற்றவர்கள் இல்லாமலோ, இருந்தும் வைத்துக்கொள்ள முடியாமலோ குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பதினெட்டு வயது முடிந்ததும் ஒரு படிப்பிலோ பயிற்சியிலோ வேலையிலோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதுதான் எங்கள் பிழைப்பு. காகிதத்தில் 'இல்லம்' என்று எழுதுவோம். பேசும்போது எல்லாருக்கும் அது ஹோம்தான்.

அந்த வருடம் என் பொறுப்பில் வந்தவள் ஐந்து வயதில் ஹோமுக்குள் போனவள். பிளஸ் டூ முடித்திருந்தாள். மார்க் சுமார். ஜூன் மாதக் கடைசிக்குள் அவள் ஹோமை விட்டுக் கிளம்ப வேண்டும். அதற்குள் ஹாஸ்டலோடு ஒரு படிப்பு கிடைத்தால் உண்டு. கிடைக்காவிட்டால் பெரியப்பா இருந்தார்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாலே எனக்கு இப்போதும் காது சிவக்கிறது. பதின்மூன்று வருடம் எட்டிப் பார்க்காத மனிதர், மணமேல்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் நடத்துகிறார். மெஸ்ஸில் இருந்த சமையல் மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போய்விட்டார். அந்த வாரமே பெரியப்பாவுக்குத் தம்பி மகள்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு ஹோமுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "எங்க ரத்தம்ங்க. ரோட்டுல விட்டுருவமா?" என்றார். பிள்ளை என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டேன். பத்தாவது என்றார். அவளுக்கு வயது என்ன என்று கேட்டேன். மோட்டு வளையைப் பார்த்தார். அவளைப் பற்றி அவருக்கு உறுதியாகத் தெரிந்த சங்கதி ஒன்றே ஒன்றுதான்: அறுபது பேருக்கு நன்றாகச் சமைப்பாள்.

அது உண்மை. ஹோமில் சமைக்கும் அம்மாவுக்கு முட்டி வலி. 'கொஞ்சம் கிளறி விடும்மா' என்று பதினாலு வயதில் கரண்டியைக் கையில் வாங்கியவள், பதினாறில் சமையலையே எடுத்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கு ஆசை சோறாக்குவதில் இல்லை, கேக்கில். ஹோமுக்கு வாரம் தவறாமல் யாராவது பிறந்தநாள் கொண்டாட வருவார்கள். பெரிய கேக், அதில் அவர்கள் வீட்டுப் பிள்ளையின் பெயர். வந்த கேக்குகளில் க்ரீமால் எழுதியிருந்த எழுத்துகளை எல்லாம் பார்த்துப் பார்த்து, இவள் தட்டில் கெட்டித் தயிரை வைத்து எழுதிப் பழகியிருந்தாள். டவுனை ஒட்டி ஒரு கேட்டரிங் கல்லூரி இருக்கிறது. அங்கே பேக்கரி டிப்ளமா, ஹாஸ்டலோடு. அதுதான் வேண்டும் என்றாள்.

எனக்குப் பயம் என்னவென்றால் அந்த வாழைப்பழம்தான். ஹோமில் எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டு ஒரே ஒரு பழத்தை மட்டும் தன் பெட்டிமேல் வைத்திருந்தாள். தோல் கறுத்துச் சாறு வடிகிற வரைக்கும் தின்னவும் இல்லை, எறியவும் இல்லை. சொந்தம் என்று ஒரு ஆள் கூப்பிட்டால் இந்தப் பிள்ளை போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. பதினெட்டு முடிந்தவள். போகிறேன் என்றால் யாரும் தடுக்க முடியாது.

கல்லூரியில் விசாரித்தேன். சீட்டுக்கு நேர்முகம் உண்டு, கூடவே ஒரு சமையல் தேர்வு. எந்தப் படிப்பு கேட்டாலும் எல்லாருக்கும் பொதுவாக ஒன்றுதான். நாலு பேருக்கு வெண்பொங்கல் வைத்துக் காட்ட வேண்டும். நான் சிரித்துவிட்டேன். அறுபது பேருக்கு ஆக்குகிறவளுக்கு நாலு பேருக்கு ஆக்குவது ஒரு வேலையா? இருந்தாலும் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை அவளை என் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

வந்தாள். என் வீட்டுக்காரர் அறைக்குள் நுழைந்ததும் விறைப்பாக எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்றாள். ஹோமில் பெரியவர்கள் யார் வந்தாலும் அப்படித்தான். என் வீட்டுக்காரருக்காக இந்த ஜென்மத்தில் யாரும் எழுந்து நின்றது கிடையாது, நான் உட்பட. மனிதர் ஆடிப்போய்விட்டார். வெளியே போனார். சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தார். மறுபடி எழுந்தாள். பேப்பரை எடுக்க வந்தார், கண்ணாடியை எடுக்க வந்தார், எடுத்ததைத் திரும்ப வைக்க வந்தார். ஏழாவது தடவை நான் பார்த்த பார்வையில் மாடிக்குப் போய்விட்டார்.

முதலில் சுலபமாக ஒரு உப்புமாவில் தொடங்கலாம் என்று, நமக்குத்தான், கொஞ்சமாகக் கிண்டு என்று சொல்லிவிட்டு, அலுவலகத்திலிருந்து வந்த போனோடு வாசலுக்குப் போனேன். அரை மணி நேரம் ஆனது. திரும்பி வந்து பார்த்தால் பொங்கலுக்குப் பொங்கல் இறக்குகிற அண்டா பரணிலிருந்து இறங்கி அடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. ரவை ஒரு கிலோதான் இருந்ததாம். காணாது என்று கோதுமை ரவையைப் போட்டிருக்கிறாள், அதுவும் காணாது என்று சேமியா. ஸ்டூலில் ஏறி நின்று, தோசைத் திருப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தாள். "கொஞ்சமாத்தான்க்கா போட்டேன், முப்பது பேருக்குத்தான் வரும்" என்று வருத்தப்பட்டாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதோடு விட்டதா என்றால் இல்லை. தட்டில் வைத்த உப்புமாவைத் தொடாமல், இன்னைக்கு யார் பேருக்கு என்று கேட்டாள். ஹோமில் ஒவ்வொரு சாப்பாடும் யாராவது ஒருவர் பேருக்குத்தான். ஒன்று பிறந்தநாள், இல்லாவிட்டால் நினைவு நாள். இரண்டுக்கும் தனித்தனி ஜெபம் உண்டு. எல்லார் தட்டிலும் விழுந்த பிறகு எழுந்து நின்று கண்ணை மூடி அதைச் சொல்லி முடித்தால்தான் வாயில் வைக்கலாம். இங்கே யார் பேருக்கும் இல்லை, சாப்பிடு என்று நான் அதட்டினேன். கை வரவில்லை அவளுக்கு. மாடியிலிருந்து இறங்கி வந்த என் வீட்டுக்காரர், தன் பேருக்குச் சொல்லச் சொன்னார்.

இன்று உணவளித்த சாருக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் வேண்டி அவள் உருகி ஜெபித்தாள். என் வீட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார். ரவை வாங்கியது நான். அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் போட வந்த தம்பி, என்னவோ ஏதோ என்று சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு அவரும் கண்ணை மூடி நின்றார். அவருக்கும் ஒரு தட்டு. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தும் எங்கள் வீட்டில் மூன்று நாள் உப்புமா ஓடியது.

அடுத்த சனிக்கிழமை, டம்ளரில் அளந்து போடக் கற்றுக்கொடுத்துவிடுவது என்று உட்கார்ந்தேன். எனக்கே அளவு தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. இருபத்தைந்து வருடமாகக் கைக்கு வந்ததைப் போட்டுச் சமைக்கிறவள் நான். எவ்வளவு உப்புக்கா என்று கேட்டால் "போடுற அளவு" என்கிறேன். எவ்வளவு தண்ணி என்றால் "ஊத்துற வரைக்கும்" என்கிறேன். இது ஆகாது என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அறுபதை நாலால் வகுத்தால் பதினைந்து. ஹோமில் அறுபது பேர் பொங்கலுக்கு எது எவ்வளவோ அதைப் பதினைந்தால் வகுத்தால் தீர்ந்தது. அரிசியும் பருப்பும் சுலபமாக வகுபட்டன. உப்பு மட்டும் மூன்று கைப்பிடி. செய்தித்தாளை விரித்து மூன்று கைப்பிடி உப்பைக் கொட்டி, கத்தி முனையால் நுணுக்கி நுணுக்கிப் பதினைந்து கூறாகப் பிரித்தாள். மருந்துப் பொடி மடிக்கிறோம் என்று நினைத்து, வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று என் வீட்டுக்காரர் விசாரித்துவிட்டுப் போனார். பதினைந்தில் ஒரு கூறைப் போட்டுப் பொங்கல் வைத்தாள். வாயில் வைத்தேன். இத்தனை வருடத்தில் ஒரு நாள் கூட எனக்கு அந்தப் பதம் வந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

தேர்வு ஜூன் கடைசி வாரத்தில் வந்தது. அன்று சாயங்காலம் நாலு மணிக்குத் தான் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பெரியப்பா ஹோமுக்குச் சொல்லிவிட்டிருந்தார். ஆக, மதியத்துக்குள் எங்கள் கையில் ஒரு சீட்டு இருந்தாக வேண்டும். ஸ்கூட்டியில் கிளம்பினோம். பின்னால் இருந்தவள் பதினைந்தாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

கல்லூரிச் சமையல்கூடத்துக்குள் என்னை விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே பிரின்ஸ்பால், இரண்டு உதவியாளர், ஒரு கிளார்க், தேர்வுக்கு வந்த மற்ற ஆறு பேர். பிரின்ஸ்பால் முன்பு கப்பலில் சமையல் பார்த்தவர், வெள்ளைக் கோட்டும் உயரத் தொப்பியுமாக விறைத்த மனிதர். மற்ற பிள்ளைகள் கடகடவென்று குக்கரை ஏற்றிவிட்டார்கள். இவள் செய்தித்தாளை விரித்தாள். உப்பைக் கொட்டினாள். கூறு போடத் தொடங்கினாள். பிரின்ஸ்பால் பக்கத்தில் வந்து நின்று குனிந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு இன்னும் குனிந்து பார்த்தார். பத்து நிமிடம் உப்பிலேயே போனது. பிறகு அவள் கை போன வேகத்தை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. நெய்யில் மிளகு வெடித்த வாசனை ஜன்னலுக்கு வந்தபோது நான் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

நாலு தட்டில் வைத்துவிட்டு நகர்ந்திருந்தால் கதை வேறு. அவள் தலையை எண்ணினாள். தன்னையும் சேர்த்துப் பதினொரு பேர். நாலு பேர் தின்ன, ஏழு பேர் பார்த்துக்கொண்டு நிற்பது அவள் வளர்ந்த இடத்தில் நடக்காத காரியம். நாலு பேர் பொங்கலைப் பதினொரு தட்டில் பிரித்தாள், ஆளுக்கு ஒரு உருண்டை. பிரின்ஸ்பால் ஸ்பூனை எடுத்தார். "சார், இன்னும் எல்லாருக்கும் வரல சார்" என்றாள். அந்த மனிதர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

எல்லாருக்கும் வந்தது. இப்போது கை வைக்கலாம்தானே. இல்லை. "சார், இன்னைக்கு யாரு பேருக்கு?" என்று கேட்டாள். தேர்வை நடத்துவது யார் என்று கேட்பதாக அவர் நினைத்துக்கொண்டார் போல. தன் பெயரை முழுதாக, பட்டத்தோடு சொன்னார். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னாள். குரலில் என்ன இருந்ததோ, கிளார்க் முதற்கொண்டு எல்லாரும் எழுந்து கண்ணை மூடினார்கள்.

பதற்றம். வேறொன்றும் இல்லை. இரண்டு ஜெபத்தில் அவள் வாய்க்கு முதலில் வந்தது மற்றது. அவர் முகத்துக்கு நேராக, அவர் முழுப் பெயரையும் பட்டத்தையும் சொல்லி, அன்னாரது ஆன்மா இறைவன் நிழலில் இளைப்பாறவும், அன்னாரை இழந்து வாடும் குடும்பத்தாருக்கு ஆறுதல் கிடைக்கவும் கணீரென்று வேண்டினாள். பிரின்ஸ்பால் ஒரு கண்ணைத் திறந்தார். அடுத்து ஒரு நிமிட மௌனம் என்றாள். திறந்த கண்ணை அவர் மறுபடி மூடிக்கொண்டார். தன்னுடைய மௌன அஞ்சலியில் அந்த மனிதர் தலை குனிந்து நின்றதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நானும் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். செத்தது நம் சீட்டு என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அரை மணி கழித்து எங்களை அறைக்குக் கூப்பிட்டார். அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பொங்கல் பிரமாதம் என்றார். ஆனால் பேக்கரி வகுப்பில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம், முன்பே தேர்வு முடித்துப் போனவர்களில் மார்க்கில் இவளுக்கு முன்னால் இருவர் இருக்கிறார்கள் என்றார். என் காது சிவக்கத் தொடங்கியது. அவர் கையமர்த்தினார். ஹாஸ்டல் மெஸ்ஸில் ஆள் தேவை, எழுபது பிள்ளைகள், தங்க இடம், சாப்பாடு, மாதச் சம்பளம் எல்லாம் உண்டு. அடுத்த வாரமே சேர்ந்துகொள்ளலாம் என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். மணி ஒன்றரை. நாலு மணிக்குப் பெரியப்பா வந்துவிடுவார். "சேந்துக்கிருவா சார். இப்பவே எழுதிக் குடுத்துரலாம்" என்றேன். நன்றி சொல்லக் கைகூட எடுத்துவிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அறுவது பேருக்கு ஆக்க எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சதச் செய்யத்தான் பெரியப்பாவும் கூப்புடுறாரு. கேக்கு போடத் தெரியாது. அதப் படிக்கத்தான் வந்தேன்."

வாழைப்பழம் கொண்டு வந்த அந்த மனிதரை நான் எத்தனை நாள் திட்டியிருப்பேன்! இங்கே அதே வேலைக்கு நான் சம்மதமும் சொல்லி, நன்றியும் சொல்லப் பார்த்திருக்கிறேன். அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் என் வாய் சும்மா இருக்குமா? அப்படியில்லடி, இது வேற, சம்பளம் இருக்கு என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, நீங்க செத்த வெளிய இருங்க" என்றாள்.

என்னை வெளியே அனுப்பிவிட்டாள்! வராந்தாவில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அதில் இருந்த ஒற்றை மீனை இருபது நிமிடம் முறைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. கதவு திறந்தபோது அவள் கையில் சேர்க்கைப் படிவம் இருந்தது. அழுதாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். வேறு என்னதான் சொன்னாய் என்று கேட்டேன். முன்னால் இருக்கும் இரண்டு பேரையும் போன் போட்டு வருவார்களா என்று கேளுங்கள் என்று சொன்னாளாம். அவர் கேட்டாராம். ஒருத்தி நர்சிங்கில் சேர்ந்துவிட்டாள், இன்னொருவன் திருச்சியில் வேறு கல்லூரி. எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். பதினொரு வருடம் இந்த வேலை பார்க்கிறேன்.

கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்தேன். பதினெட்டு முடிந்துவிட்டதால் தானே போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

நாலு மணிக்கு ஹோம் வாசலில் பெரியப்பா ஆட்டோவை நிறுத்திக்கொண்டு நின்றார். அவளே போய்ப் பேசினாள். காலேஜில் சேர்ந்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரைக்கும் வந்து பார்க்கலாம் என்று சொன்னாள். அவர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். நானும் சளைக்காமல் பார்த்தேன். ஆட்டோ வெறுமனே திரும்பியது.

ஜூலை முதல் தேதி அவளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டேன். அங்கே பார்க்க வருகிறவர்களின் பெயர்களை முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் நோட்டில் ஒரு பக்கம், ஒவ்வொரு ஞாயிறுக்கும் தேதி போட்டு ஆளுக்கு ஒரு வரி, வந்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன். முதலில் பெரியப்பா. அதற்குக் கீழே நான்.

எனக்கு வந்ததே கோபம். வெயிலில் அலைந்தது நான், அண்டா தேய்த்தது நான், மூன்று நாள் உப்புமா தின்றது நான். "அந்த ஆள எதுக்குடி மொதல்ல எழுதுன?" என்று நடு ஆபீசில் கத்திவிட்டேன்.

அவள் பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள்.

"வேலைக்குக் கூப்புட வந்தாருல்லக்கா. சும்மா பாக்கவும் வாராரான்னு பாப்போம்" என்றாள்.

ஒவ்வொரு ஞாயிறும் நான் போகிறேன். போன ஞாயிறும் போனேன். முதல் வரி காலியாகத்தானே இருக்கிறது, அதிலேயே கையெழுத்துப் போடுங்கள் என்று வாட்ச்மேன் எப்போதும்போல் சொன்னார். உங்க வேலையப் பாருங்க என்று அவரிடம் எரிந்து விழுந்துவிட்டு, இரண்டாவது வரியில் போட்டேன்.